தொம்மைப்பார் மூணாந்தெருவுக்குக் குடிவந்தது

"கடிக்காதும்மா. மொறைக்கும், அவ்வளவுதான்"ன்னான் கயித்தான். "கண்ணு அந்தச் சைசு. சும்மா பாத்தாலே பொண்ணு தர மாட்டேன்னு சொன்ன மாமனாரு மாதிரித்தான் இருக்கும்."

கேட்டது, புயல் காப்பகத்து வாசல்ல காவலுக்குப் போட்டிருந்த பொம்பளப் போலீசு. தமயந்தின்னு சட்டையில பேரு குத்தியிருந்துச்சு. தருமபுரிப் பக்கத்துப் பொண்ணு, கடலையே இங்க மாத்தலாகி வந்துதான் பாத்திருக்கு. இந்த ஊருல மீன் வீட்டுக்குள்ள குடியிருக்குன்னு சொன்னதும் அதையும் கடற்கரைப் பழக்கத்துல ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டு, கடிக்குமான்னு மட்டும் கேட்டுச்சு. உள்ள விசாரணை நடந்துக்கிட்டிருக்கு. மிக்கேல்துறை மூணாந்தெருவுல வீடு வச்சிருக்குற ஆளுகள ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டு, உன் வீட்டுல மீன் இருக்கா இல்லையான்னு அதிகாரி கேக்குறாரு. கயித்தான இன்னும் கூப்பிடல. வெயிலு ஏறாத படியாப் பாத்து உக்காந்திருந்தான், அந்தப் பொண்ணு சும்மாதான நிக்குதுன்னு சொல்லவும் ஆரம்பிச்சான்.

மீன் குடிவந்த கதைய மிக்கேல்துறையில ஆளுக்கொரு எடத்துலருந்து தொடங்குவாங்க. கயித்தான் பொண்டாட்டி சலோமி கட்டிலுக்கடியிலருந்து தொடங்குவா, பங்குச்சாமியாரு சுண்ணாம்பாட்டம் கலங்குன தண்ணியிலருந்து தொடங்குவாரு, கயித்தான் தொடங்குறது தொம்மைகிட்டருந்து. தொம்மைங்கிறவரு அவன் பாட்டனுக்கும் மூத்த ஆளு. கரையிலருந்து கெழக்கால, மேல நின்னு பாத்தா வெறும் பச்சத் தண்ணி, கீழ பவளக்கல்லு அடுக்கடுக்கா ஏறி, கல்லுக்குள்ள பொந்து, பொந்துக்குள்ள அறை, அறைக்குள்ள சின்ன அறைன்னு ஒரு ஊரே கிடக்கு, அதைக் கண்டுபிடிச்சவரு அவரு. கடலுக்கடியில கெடக்குற அந்த மாதிரிக் கல்லுமேட்டுக்குத்தான் பார்னு பேரு, இது தொம்மைப்பார். அந்தப் பொந்துகள்ல முட்டக்கண்ணன் இருந்துச்சு. உள்ளங்கை அகலம், செக்கச் செவேல்னு இருக்கும், மொகத்துல பாதி கண்ணு. பகல் முச்சூடும் பொந்துக்குள்ள வாசலப் பாத்து நிக்கும், அடுத்த மீன் எட்டிப் பாத்தா டொக் டொக்குன்னு தொண்டையில ஒரு அதட்டல் போடும், பொழுது சாஞ்சதும் கூட்டமா வெளிய எறங்கி எறாக்குஞ்சும் நண்டுக்குஞ்சும் மேஞ்சுட்டு, விடியுறதுக்கு முன்ன போன பொந்துக்கே திரும்பி வரும். அடுத்தவன் பொந்துல ஒரு நாளும் படுக்காது. அந்த ஒழுங்கு மிக்கேல்துறை ஆம்பளைகள்ட்ட இல்லைன்னு பொம்பளைக சொல்லிக்கிறது உண்டு. முட்டக்கண்ணனத் தின்ன களவான்னு பெரிய மீனு வரும், களவா இருக்குற எடத்துக்கு விளமீன் வரும், அதுகளுக்குத் தூண்டில் போட மிக்கேல்துறைக்காரன் போவான்.

ஆனா போற எடத்தச் சொல்ல மாட்டான். அதுதான் ஊரு வழக்கம். கடல் எல்லாருக்கும் பொது, பார் கண்டவனுக்குச் சொந்தம். கோயில் சிலுவையையும் கரையில உள்ள இன்னொரு அடையாளத்தையும் ஒரு கோட்டுக்குக் கொண்டாந்து, எந்த எடத்துல கோடு விழுதோ அங்க நங்கூரம் போடணும்; அந்த அடையாளம் எதுங்கிறத அப்பன் மகனுக்குச் சொல்லுவான், அதுவும் கடல்ல வச்சுத்தான் சொல்லுவான், கரையில வச்சு வாயத் தொறக்க மாட்டான். மருமகனுக்குப் பொண்ணக் குடுப்பான், நகையக் குடுப்பான், வள்ளத்தக்கூடக் குடுப்பான், பாரைக் குடுக்க மாட்டான். கூடை நெறைய மீனோட வந்தவன்கிட்ட எங்கய்யா பட்டுச்சுன்னு கேட்டா, கையத் தூக்கி மொத்தக் கடலையும் காட்டுவான். தொம்மை சாகக் கிடக்கையில சாமியாரு வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டப்ப, செஞ்சது, செய்யாதது, செய்ய நெனச்சது எல்லாத்தையும் ஒப்பிச்ச மனுசன், பார் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லலையாம். அது பாவமில்லையே சாமின்னுட்டுக் கண்ண மூடிட்டாராம்.

இப்படிப்பட்ட ஊருக்குள்ளதான் நிலக்கரி எறக்குற பாலம் கட்டப் போறோம்னு ஒரு கம்பெனி வந்துச்சு. பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, டீயும் பிஸ்கட்டும் குடுத்து, அதிகாரிகள மேல உக்கார வச்சு, கேமராவ நிறுத்தி, இந்த எடத்துல மீன்வளம் ஏதும் இருக்கா, நீங்களே சொல்லுங்கன்னு படத்தை விரிச்சுக் காட்டுனாங்க. காட்டுன எடம் தொம்மைப்பார். எவனோ வெளியூரான் மைக்கப் போட்டு பார் எங்கன்னு கேக்குறான், அத்தனை பேரு வயித்துலயும் தொம்மை எந்திரிச்சு உக்காந்துட்டாரு. கயித்தான் அப்ப ஊர்க் கமிட்டித் தலைவரு. எந்திரிச்சு மைக்க வாங்கி, அங்க என்ன சார் இருக்கு, வெறும் கல்லு, வலை போட்டா கிழியும், எங்க அப்பன் காலத்துலருந்து அந்தப் பக்கம் ஒருத்தரும் போறதில்லன்னான். அவன் மச்சான் சந்தியாகு அது பத்தாதுன்னு, அங்க சொறிமுட்டை அதிகம், போனா ஒடம்பெல்லாம் தடிச்சுரும்னு சேத்தான். பின்வரிசையிலருந்து ஒரு கெழவி, பேய் உண்டுன்னுச்சு. அதிகாரிக எழுதிக்கிட்டாங்க. கூட்டம் முடிஞ்சு ஊரு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போச்சு, எப்படி ஏமாத்துனோம் பாத்தியான்னு. கம்பெனிக்காரங்களும் சிரிச்சுக்கிட்டேதான் காருல ஏறுனாங்க. ரெண்டு பக்கமும் இப்படிச் சந்தோசமாக் கலைஞ்ச கூட்டம் அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.

அப்புறம் மண்ணு வாருற கப்பல் வந்துச்சு. தண்ணிக்குள்ள இரும்புப் பல்ல எறக்கித் தொம்மைப்பாரைக் கடிச்சுச்சு. கடிச்சுத் துப்புன தண்ணி மோராட்டம் வெளுத்து கரை வரைக்கும் வந்துச்சு, கடிக்கிற சத்தம் அடுப்படியில கவுத்து வச்ச சட்டியில வந்து அதிர்ந்துச்சு, வலையில வெறும் கல்லுமாவு வந்துச்சு. ஊரு அப்பவும் வாயத் தொறக்கல. தொறந்தா அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு ஆவும்.

அந்த வாரத்துலதான் கயித்தான் மக ஜெசிந்தா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தா. புள்ளைக்குப் பழஞ்சேலை கிழிக்கணும்னு சலோமி விடியக் காலையில குனிஞ்சு கட்டிலுக்கடியில கெடந்த டிரங்குப் பெட்டிய இழுத்தா. இழுத்த வேகத்துலயே திருப்பி உள்ள தள்ளிட்டு, வாசல்ல பல்லு வெளக்கிக்கிட்டிருந்த புருசன்கிட்ட வந்து, கொரல ஒசத்தாம சொன்னா:

"ஏங்க. கட்டிலுக்கடியில தொம்மைப்பார் வந்திருக்கு."

கயித்தான் வந்து மண்டிபோட்டுப் பாத்தான். பெட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல, தண்ணி ஒரு சொட்டு இல்லாம, தரை காஞ்சு கெடக்க, காத்துலயே செறகை அசைச்சுக்கிட்டு முட்டக்கண்ணனுங்க வரிசையா நின்னுச்சு, மொகம் வாசலப் பாத்து. டொக் டொக்குன்னுச்சு. கயித்தான் மரியாதையாப் பின்னால நகந்தான். அலமாரி மேல ரெண்டு, உரலுக்குப் பின்னால ஒரு குடும்பம், மாதா படத்துக்கும் சுவத்துக்கும் எடையில ஒண்ணு. பக்கத்து வீட்டுலயும் அப்படித்தான், எதுத்த வீட்டுலயும் அப்படித்தான். மூணாந்தெரு வீடுக பழைய ஓட்டு வீடுக, மூலை முடுக்கு அதிகம், இருட்டும் அதிகம். ரெண்டாந்தெருவுல டியூப்லைட்டும் வழுவழு தரையுமா புது வீடு கட்டுனவங்க வீட்டுக்கு ஒரு மீன்கூட வரல. அவங்க நாலஞ்சு நாளு மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சாங்க. ஒருத்தன் ஆசைப்பட்டு பரண்ல பழஞ்சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கிப் பாத்தான், பல்லிதான் வந்துச்சு.

எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்கல. ஏன் வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனாலயும் கேக்கல. பொழுது சாஞ்சதும் சன்னல் வழியா, புகைபோக்கி வழியா, கதவு இடுக்கு வழியா செவப்புச் செவப்பா வெளிய வந்து, தெருவுல ஆளு ஒசரத்துக்கு மெதந்து, கோயில் முனையில திரும்பிக் கடலுக்குப் போகும். விடியுறதுக்குள்ள வந்து அதது அதது எடத்துல நின்னுக்கும். அந்த நேரத்துல எதுக்க சைக்கிள்ல வர்றவன் எறங்கி ஓரமா நின்னு வழி விட்டான். அடுப்படியில பல்பைக் கழட்டிட்டு, சன்னலுக்குப் பழைய லுங்கியத் திரையாப் போட்டாங்க, புள்ளைகள வாசல்ல வச்சுப் படிக்கச் சொன்னாங்க. பூனைக ரெண்டு நாளு பித்துப் பிடிச்சு அலைஞ்சுச்சு; அதுல ஒண்ணு பாஞ்சு முதுகுமுள்ளுல வாய வச்சு வாங்கிக்கிட்டதுக்கு அப்புறம், மீனையே தெரியாத சாதி மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நடந்துச்சுக.

சமைக்கலாமாங்கிற பேச்சே எழல. தானா வள்ளத்துக்குள்ள துள்ளி விழுந்த மீனைத் திருப்பிக் கடல்ல விடுறது இந்தக் கரை வழக்கம், அது அடைக்கலம் கேட்டு வந்தது. வள்ளத்துக்கே அப்படின்னா வீட்டுக்கு எப்படின்னு பங்குச்சாமியாரு கோயில்ல சொன்னாரு. ராயப்பன்னு ஒருத்தன் மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு ஒண்ணைப் பொரிச்சுப் பாத்தான். முள்ளுதான், ருசியில்லன்னு அவனே வந்து சொன்னான். மறுநாளு அவன் வீட்டு மீன் மொத்தமும் எதுத்த வீட்டுக்கு மாறிருச்சு. அவன் பொண்டாட்டி அவன்கிட்ட இன்னைக்கு வரைக்கும் பேசுறதில்ல.

ஜெசிந்தாவுக்குப் பொம்பளப் புள்ள பெறந்துச்சு. சேலைத் தொட்டில் கட்டுனாங்க. பகல்ல தொட்டில் நெழல்ல ரெண்டு மூணு மீனு வந்து நின்னுக்கும். புள்ள அழுதா டொக் டொக்குன்னும், புள்ள கேட்டுக்கிட்டே அடங்கிரும். சலோமி தாலாட்டுக்கு அடங்காதது இதுக்கு அடங்குதேன்னு அவளுக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

எல்லாம் சரி, ஆனா வயிறு இருக்குல்ல. மீன் வீட்டுக்குள்ள இருக்கு, மீன்காரன் கடல்ல இருக்கான். தூண்டில் போட்டா நூலு போன மாதிரியே வருது. கடைசியில கயித்தானும் நாலஞ்சு பேரும் அதிகாரியப் பாக்கப் போனாங்க. கம்பெனி எங்க பாரை ஒடைச்சிருச்சு, மீனெல்லாம் வீட்டுக்குள்ள வந்திருச்சு, வேலைய நிறுத்துங்கன்னாங்க. அதிகாரி கோபப்படல. போனை எடுத்து, அன்னைக்குக் கூட்டத்துப் படத்தை ஓடவிட்டாரு. அதுல கயித்தான் மைக்கப் புடிச்சுக்கிட்டு, அங்க என்ன சார் இருக்கு, வெறும் கல்லுங்கிறான். பின்னால சந்தியாகு சொறிமுட்டைங்கிறான். பேய் வரைக்கும் ஓடவிட்டுத்தான் நிறுத்துனாரு. இருந்தாலும் வீட்டுல மீனுன்னு சொல்றீங்க, ஆளனுப்பிப் பாக்குறேன்னாரு.

ஆளு வந்தாங்க. நெத்தியில லைட்டு கட்டுன படிச்ச புள்ளைங்க, நல்ல புள்ளைங்க, செருப்பக் கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள வந்துச்சுங்க. கட்டிலுக்கடியில படுத்துக் கெடந்து சந்தோசத்துல அழுதுச்சுங்க. போயி அறிக்கை குடுத்துச்சுங்க. கயித்தான் நெனச்சான், இனி கப்பல் போயிரும்னு.

கப்பல் போகல. உத்தரவுதான் வந்துச்சு. மூணாந்தெரு அரிய மீனுங்களோட வாழிடம், அதைப் பாதுகாக்கணும், மீனுக்கு இடைஞ்சலா அங்க மனுசங்க இருக்கக்கூடாது. வெளக்கு ஆகாது, அடுப்புப் புகை ஆகாது, கைக்குழந்தை அழுகிற சத்தம் ஆகாது. தெருவச் சுத்தி வேலி போடுற செலவக் கம்பெனியே பெருந்தன்மையா ஏத்துக்கிச்சு. ஊரு ஒத்துக்கிறதுக்கு முன்னாடியே போர்டும் வந்து எறங்கிருச்சு: செவப்பு மீன் படம், பக்கத்துல கம்பெனி முத்திரை, கீழ 'இவ்வாழிடம் எங்களால் பாதுகாக்கப்படுகிறது'.

கயித்தான் சாதாரணமாக் கோபப்படுற ஆளில்ல. அந்தப் போர்டு முன்னாடி ரொம்ப நேரம் நின்னான். மீனுக்கு வீடு இருந்துச்சு. அந்த வீட்டை ஒருத்தன் இடிச்சான். போக்கத்து வந்ததை நாங்க உள்ள விட்டோம், பல்பைக் கழட்டினோம், சத்தமில்லாமச் சோறு தின்னோம். இப்ப இடிச்சவன் காவக்காரன், எடங்குடுத்தவன் ஆக்கிரமிப்பாளன். மீனாவது டொக் டொக்குன்னு அதட்டுது, எங்களுக்கு அந்தச் சத்தமும் வரலையேன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தான். அன்னைக்கு அவன் சாப்பிடல.

ஆட்சேபணை இருந்தா விசாரணையில சொல்லலாம்னாங்க. அதுக்குத்தான் இந்தப் பந்தோபஸ்து. புள்ளைங்க அறிக்கை என்ன சொன்னாலும் வீட்டுக்காரன் வாயால சொல்றதுதான் கணக்கு: மீன் இருக்குன்னு சொன்ன வீடு மீனுக்கு, இல்லன்னு சொன்ன வீடு மனுசனுக்கு. ஊரு ராத்திரியோட ராத்திரியா முடிவு பண்ணிருச்சு, எல்லாரும் இல்லன்னு சொல்லிருவோம்னு. சொல்லிப் பழக்கப்பட்ட வார்த்தைதான். ஆனா எல்லாரும் இல்லன்னுட்டா, தொம்மைப்பாருலருந்து எதுவும் எடம் மாறல, அங்க எதுவுமே இருந்ததில்லன்னு ஆயிரும். ஆயிட்டா கப்பல் அடுத்த வேலையத் தொடங்கும். அடுத்த வேலைக்குப் போட்டிருக்குற கோடு குருசடிப்பாருக்கு நேர் மேல போகுது.

குருசடிப்பார்னு ஒண்ணு இருக்குறது மிக்கேல்துறையத் தவுர ஒருத்தருக்கும் தெரியாது. மீனுக்குத் தெரியும். சாயங்காலம் தெருவத் தாண்டிப் போற மீனு எங்க போகுதுன்னு கயித்தான் ஒரு நாளு வள்ளத்தத் தள்ளிக்கிட்டுப் பின்னாலயே போனான். குருசடிப்பாருக்குத்தான் போகுது. அதுலயும் கொஞ்சம் கொஞ்சமா, போனது திரும்பி வரல. அங்க காலிப் பொந்து பாத்துத் தங்கிருச்சு. கட்டிலுக்கடியில வரிசை கொறைஞ்சிருந்துச்சு. குடித்தனக்காரங்க வேற வீடு பாக்குறாங்க, விட்டா தானாப் போயிருவாங்க, தெரு தெருவா இருக்கும், பார் பாரா இருக்கும்.

அதுக்குக் கப்பல் குருசடிப்பாரைத் தொடக்கூடாது; தொடாம இருக்கணும்னா ஒருத்தன் உள்ள போயி, என் வீட்டுல மீன் இருக்கு, அது போற எடம் இதுன்னு, கேமரா முன்னாடி எடத்தச் சொல்லணும்.

சந்தியாகு காலையில வீட்டுக்கே வந்துட்டான். கயித்தான் அப்படிச் சொல்ல யோசிக்கிறான்ங்கிறது அவன் காதுக்குப் போயிருச்சு. வேணாம் மச்சான்னு ரொம்ப நேரம் மன்றாடுனான். பார் எங்கன்னு வெளிய தெரிஞ்சா பெரிய வலை இழுக்குற இழுவமடிப் போட்டுக்காரன் அத்தனை பேரும் வந்து விழுவான், கப்பல் கடிக்காம விட்டத அவன் வழிச்சிட்டுப் போவான், உமக்கும் வீடு போவும், எங்களுக்கும் கடலு போவும்னான். அதுல பொய்யில்லன்னு கயித்தானுக்கும் தெரியும். கடைசியா, "நம்ம ஆளுக ஒருத்தனும் கரையில வச்சுச் சொன்னதில்ல வே. நீரு சொன்னீருன்னா உம்ம மகன் கூட உம்மள நம்பிக் கடலுக்கு வர மாட்டான்"ன்னான்.

புள்ளையத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டிருந்த சலோமிதான் பேசுனா. தம்பியப் பாக்கல, புருசனப் பாத்தா.

"ஒரு தடவ இல்லன்னு சொன்னீங்க, தொம்மைப்பார் போச்சு. இன்னொரு தடவ சொன்னா எது போவும்னு நான் சொல்லணுமா? வீடு போனா எங்க அக்கா வீட்டுல ஒரு மூலை இருக்கு. அவ வாயி பெருசு, அதையும் சமாளிச்சுக்கிறேன்."

அக்காகிட்ட போயி நிக்கிறேன்னு சலோமி சொன்னான்னா அது சின்ன விசயம் இல்ல. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்னு ஜெசிந்தாவுக்கு எத்தனை வயசோ அத்தனை வருசம். கயித்தான் சட்டைய மாட்டிக்கிட்டு வந்து இந்தப் படியில உக்காந்தான்.

அவன் சொல்லிக்கிட்டிருக்கும்போதே ஒவ்வொருத்தரா உள்ள போயி வெளிய வந்துக்கிட்டிருந்தாங்க. இல்லன்னுட்டேன், இல்லன்னுட்டேன்னு தலையாட்டிக்கிட்டே செருப்பத் தேடி மாட்டுனாங்க. ராயப்பன் வீட்டுல மட்டும் நெசமாவே இல்ல, அவன் சொன்னதைத்தான் அதிகாரி நம்பாமத் திரும்பத் திரும்பக் கேட்டாராம். சந்தியாகு வெளிய வந்து போகாம, வேப்பமரத்தடியில கையக் கட்டிக்கிட்டு, கேக்குற தூரத்துல நின்னான்.

தமயந்தி லத்திய சுவத்துல சாத்திட்டு மேல்படியில உக்காந்துருச்சு. "அது எங்கண்ணா இருக்குது, அந்தக் குருசடிப்பாரு? இங்கருந்து பாத்தா தெரியுமா?"ன்னு கேட்டுச்சு, பஸ் ஸ்டாண்டு எங்கன்னு கேக்குற மாதிரி.

கயித்தான் கை பழக்கத்துல மொத்தக் கடலையும் காட்டத் தூக்குச்சு. பாதியில நின்னுச்சு. அவனே அந்தக் கையக் கொஞ்ச நேரம் பாத்தான். அப்புறம் எல்லா வெரலையும் மடக்கி ஒத்த வெரலை மட்டும் நீட்டுனான்.

"அந்தா கோயில் சிலுவை தெரியுதுல்லம்மா"ன்னான். "அதையும், தெக்கால உப்பளத்துல நிக்குதே வெள்ளத் தண்ணித்தொட்டி, அதையும் ஒரே கோட்டுக்குக் கொண்டாரணும். சிலுவை தொட்டிய மறைச்சு நிக்கணும். மறைச்சு நின்ன எடத்துலருந்து ஆழக்கடலப் பாத்து வள்ளத்தத் திருப்பி…"

வேப்பமரத்தடியில சந்தியாகு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டான்.

"கயித்தான் பர்னாந்து"ன்னு உள்ளருந்து கூப்பிட்டாங்க. "யாருப்பா கயித்தான் பர்னாந்து, வாங்க."

கயித்தான் எந்திரிச்சு, வேட்டியில ஒட்டுன மண்ணத் தட்டிட்டு, சொல்ல வந்த மிச்சத்தை வாயிலயே வச்சுக்கிட்டு உள்ள போனான்.